இடது ஓரத்துச் சாவுகள்

கம்ப்யூட்டர் கேம் செய்கிறவர்கள் நாள் முழுக்க விளையாடிக்கொண்டே சம்பாதிக்கிறார்கள் என்று பலருக்கும் ஒரு நினைப்பு உண்டு. உண்மையில் எங்கள் வேலை நாள் முழுக்கச் சாவதுதான். நானும் என் தம்பியும் செய்த கேமில் ஒரு தரம் செத்தால் செத்ததுதான். மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். தொடங்கும்போது பழைய நிலவறை இருக்காது. அறை, தாழ்வாரம், பொறி, பூதம் எல்லாவற்றையும் கணினி புதிதாக அடுக்கித் தரும். அப்படி அடுக்கும் பகுதியை எழுதியவன் நான். அந்த இருட்டுக்குள் விளக்கேற்றியவன் தம்பி. கேமின் பெயர் 'கீழ்வழி'.

நடந்ததை என் கையாலேயே எழுதித் தரச் சொன்னீர்கள். அவசரமில்லை, நிதானமாக எழுதுங்கள் என்றும் சொன்னீர்கள். நான் எப்போதும் நிதானமானவன்தான். வீட்டில் கோபக்காரன் என்று பெயர் எடுத்ததில்லை. கோபம் இல்லாமலில்லை. அதைக் காட்டுவதற்கு எனக்கு ஓய்வு கிடைத்ததில்லை, அவ்வளவுதான்.

முதலில் சாவுப் பட்டியலைப் பற்றிச் சொல்ல வேண்டும். விளையாடுகிறவர் சாகும் ஒவ்வொரு முறையும் கணினி ஒரு வரி எழுதி வைக்கும். எந்த ஆழம், எந்தப் பூதம், எந்தப் பக்கத்திலிருந்து வந்த அடி என்ற மூன்றும் அதில் இருக்கும். நிலவறை ஆளை நியாயமாகக் கொல்கிறதா என்று பார்ப்பதற்காக நான் சேர்த்தது அது. வெள்ளிக்கிழமைதோறும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு என் பட்டியலையும் தம்பியின் பட்டியலையும் அருகருகே வைத்துப் பார்ப்பேன். கேம் வெளியாவதற்குப் பதினான்கு மாதம் முன்பு அப்படி ஒரு வெள்ளிக்கிழமை பார்த்தபோது, தம்பி மூன்று மாதத்தில் நானூற்றுப் பன்னிரண்டு தடவை செத்திருந்தான். அதில் முந்நூற்று நாற்பதுக்கு மேல் இடது ஓரத்திலிருந்தும் மேல் ஓரத்திலிருந்தும் வந்த அடி. என் சாவுகள் நான்கு பக்கமும் சிதறிக் கிடந்தன.

என் எழுத்தில்தான் பிழை என்று நினைத்தேன். எதற்கும் முதலில் என்னைத்தான் சந்தேகப்படுவேன், அப்படியே வளர்த்துவிட்டார்கள். இரண்டு நாள் வரி வரியாகத் தேடினேன். பிழை எதுவும் இல்லை. மூன்றாம் நாள் தம்பிக்குப் பின்னால் நின்று அவன் விளையாடுவதைப் பார்த்தேன். இடது ஓரத்தில், அவனே ஏற்றிய பந்தத்தின் வெளிச்சத்தில், வில்லாளி ஒருவன் பளிச்சென்று நின்றுகொண்டிருந்தான். தம்பி அவனைக் கடந்து நேராக நடந்தான். அம்பு பாய்ந்தது.

"எங்கிருந்துண்ணா வந்தான் இவன்?" என்று சிரித்தான்.

அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. எங்கள் அப்பாவுக்கு வந்ததும் இதே நோய்தான். கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பு கொஞ்சம் கொஞ்சமாகச் சாகிறது என்று அந்த நாளில் டாக்டர் விளக்கினார். ஓரத்திலிருந்து ஆரம்பிக்கும், வலிக்காது, இல்லாத இடத்தை மூளையே இட்டு நிரப்பிக்கொள்ளும், அதனால் ஆளுக்கே தெரியாது. போன பார்வை போனதுதான். முன்னாலேயே பிடித்துவிட்டால் சொட்டு மருந்து போட்டு மிச்சத்தைக் காப்பாற்றலாம். பிள்ளைகள் இரண்டு பேரும் வருஷா வருஷம் சோதித்துக்கொள்ள வேண்டும் என்றார். இதையெல்லாம் அறைக்குள் உட்கார்ந்து கேட்டவன் நான். தம்பி வெளியே பெஞ்சில் படம் வரைந்துகொண்டிருந்தான். அவனுக்கு ஒன்பது வயது, எனக்குப் பத்தொன்பது.

அப்பாவுக்குப் பார்வை முழுதும் போக எட்டு வருஷம் ஆனது. அந்த எட்டு வருஷமும் அவர் கையைப் பிடித்தவன் நான். குளியலறைக்கும் ஆஸ்பத்திரிக்கும் வங்கிக்கும் நான்தான். என் படிப்பு பாதியில் நின்றது; பிறகு வீட்டிலிருந்தபடியே புரோகிராமிங் கற்றுக்கொண்டேன். தம்பி சாயங்காலம் பள்ளியிலிருந்து வந்து, அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து, அன்றைக்கு வானம் என்ன நிறம், எதிர் வீட்டுச் சுவரில் வெயில் எப்படி விழுந்தது என்று கதையளப்பான். அப்பா முகம் மலர்ந்துவிடும். "சின்னவன் சொன்னா எனக்குக் கண்ணு தெரியுது" என்பார். நாள் முழுக்க அவரைத் தாங்கி நடத்தியவனுக்கு முன்னால் வைத்தே சொல்வார். எனக்கு அது வலித்தது. இன்றைக்கும் வலிக்கிறது. அதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

பட்டியலைப் பார்த்த அன்றைக்கே தம்பியிடம் சொல்லியிருக்க வேண்டும் என்பீர்கள். ஒரு மாதம் கழித்துச் சொல்லலாம் என்று நினைத்தேன். இது உண்மை, இதைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். கேம் கண்காட்சி ஒன்றில் எங்களுக்கு இடம் கிடைத்திருந்தது. சொன்னால் அவன் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைவான், பயப்படுவான், வேலை நின்றுபோகும். ஒரு மாதத்தில் என்ன குடி முழுகிவிடும் என்று இருந்தேன்.

அந்த மாதத்தில்தான் அவன் விளக்கை மாற்றினான். அதுவரைக்கும் எல்லாக் கேம்களிலும் இருப்பது போல ஆளைச் சுற்றி ஒரு மஞ்சள் வட்டம், அதற்கு வெளியே கறுப்பு. அவன் அதைத் தூக்கி எறிந்துவிட்டு வேறு ஒன்று செய்தான். நடக்க நடக்க ஓரங்கள் கறுப்பாகாமல், சத்தமில்லாமல் காணாமல் போயின. சுவர் தொடர்வது போலவே இருக்கும்; அதிலிருந்த கதவு மட்டும் இருக்காது. விளையாடுகிறவனுக்குத் தான் எதையோ தவறவிட்டோம் என்பதுகூடத் தெரியாது.

"இருட்டுன்னா கறுப்பு இல்லண்ணா. இருக்கிறது இல்லாமப் போறது" என்றான். "எப்படித் தோணுச்சுன்னே தெரியல. தானா வந்துச்சு."

எப்படித் தோன்றியது என்று எனக்குத் தெரியும். அவன் கண்ணில் நடப்பதைத்தான் அவன் வரைந்துகொண்டிருந்தான்.

கண்காட்சியில் எங்கள் மேசைக்கு முன்னால் வரிசை நின்றது. இப்படி ஓர் இருட்டைப் பார்த்ததில்லை என்று ஆளாளுக்கு எழுதினார்கள். பெரிய பத்திரிகை ஒன்றின் விமர்சகர் தம்பிக்கு 'விளக்குக்காரர்' என்று பட்டமே கட்டினார். அந்தக் கட்டுரையில் என் வேலையைப் பற்றியும் ஒரு வரி இருந்தது. 'நிலவறைகளும் பரவாயில்லை.' பத்தாயிரம் தடவை அடுக்கினாலும் ஓர் அறைகூட வழியில்லாமல் அடைபடக் கூடாது, ஒரு சாவிகூட அதன் கதவுக்குப் பின்னால் மாட்டிக்கொள்ளக் கூடாது என்று ஆறு வருஷம் மண்டையை உடைத்துக்கொண்டவனுக்குப் 'பரவாயில்லை'. தனக்கு வந்த நோய்க்கே கைதட்டு வாங்குகிறவனை என்ன செய்வது, சொல்லுங்கள். அன்றைக்கு நான் அவனைக் கட்டிப்பிடித்து வாழ்த்தினேன். பக்கத்தில் நின்றவர்கள் புகைப்படம் எடுத்தார்கள்.

ஊருக்குத் திரும்பிய திங்கட்கிழமை அந்த ஏழு வரியை எழுதினேன்.

தம்பி வீட்டுக்கும் கொண்டுபோகும் அவன் லேப்டாப்பில் மட்டும் வேலை செய்யும் ஏழு வரி புரோகிராம். நிலவறையை அடுக்கும்போது, ஓரத்தில் நிற்க வேண்டிய பூதங்களையும் பொறிகளையும் அவை அவன் பார்வைக்கு நேராகக் கொண்டுவந்து வைக்கும். அவன் இடது பக்கத்தில் செத்துக்கொண்டே இருந்தால் ஒருநாள் அவனுக்கே சந்தேகம் வரும் அல்லவா? வராமல் பார்த்துக்கொண்டேன். இரண்டே வாரத்தில் அவன் பட்டியலும் என்னுடையது போலவே நான்கு பக்கமும் சமமாகிவிட்டது. அந்த வரிகளை நான் ஒளித்துக்கூட வைக்கவில்லை. என் பகுதியைத் தம்பி ஒரு நாளும் திறந்து பார்த்ததில்லை. அதுவும் எனக்குக் கோபம்தான்.

அலுவலகம் என்பது ஜெராக்ஸ் கடைக்கு மேலே இரண்டு அறை. வெளிச்சம் சரிபார்ப்பதற்காக ஜன்னலில் கறுப்புத் துணி. அவன் போகிற வழியில் இடது பக்கம் இருந்த மேசையை நகர்த்தினேன், செருப்பு அலமாரியை வெளியே எடுத்தேன், வாசற்படியின் விளிம்பில் பளிச்சென்று மஞ்சள் நாடா ஒட்டினேன். நிலவறை அடுக்கிப் பழகியவனுக்கு இதெல்லாம் பெரிய வேலையில்லை. பைக் ஓட்டாதே, ரோடு மோசம், நானே கூட்டிப்போய் நானே கொண்டுவந்து விடுகிறேன் என்றேன். தினமும் அப்படியே செய்தேன். அவன் மனைவிக்கு மனம் நிறைந்துபோனது. "கண்ணுக்குள்ள வெச்சுப் பாத்துக்கிறீங்க அத்தான். இந்தக் காலத்துல யார் இருக்கா இப்படி?" என்றாள். தான் ஆடாவிட்டாலும் தன் தசை ஆடும் என்று நானும் பதில் சொன்னேன்.

ஒரே ஒரு தடவை அவன் வாய்விட்டுக் கேட்டான். கேம் வெளியாக ஐந்து மாதம் இருந்தது. முற்பகல் பதினொரு மணி இருக்கும். டம்ளரைத் தட்டிவிட்டான், டீ விசைப்பலகை முழுக்கக் கொட்டிவிட்டது. துடைத்துக்கொண்டே சொன்னான்.

"அண்ணா, ஓரத்துல எனக்கு என்னமோ மாதிரி இருக்கு. அப்பாவுக்கு வந்த மாதிரி ஆயிருக்குமோ?"

"போன மாசம் என் கண்ணைக் காட்டப் போனப்ப உன்னைப் பத்தியும் கேட்டேன்டா. ஸ்கிரீனையே பாத்துட்டு இருந்தா அப்படித்தான் இருக்குமாம்."

"எதுக்கும் நானும் ஒரு தடவை போயிட்டு வரட்டுமா?"

நான் எழுந்து போய் அவன் சாவுப் பட்டியலைத் திறந்து காட்டினேன். மேலே நூற்றுமூன்று, கீழே தொண்ணூற்றெட்டு, வலம் நூறு, இடம் நூற்றொன்று. "கண்ணுல கோளாறு இருந்தா இடது பக்கமே செத்துக் கிடப்பியேடா. நம்பர் பொய் சொல்லுமா?" என்றேன். அவன் பட்டியலை மேலும் கீழும் இரண்டு தடவை படித்தான். அவன் முகத்தில் பயம் விலகுவதை நான் பார்த்தேன். "அப்பாடா. உன்னை மாதிரி யோசிக்க எனக்கு வராதுண்ணா" என்று என் தோளைத் தட்டினான். அந்தக் குடும்பத்தில் என் மூளையை ஒருவர் பாராட்டியது அதுதான் முதல் தடவை. உங்களுக்குச் சிரிப்பு வரலாம். எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

கேம் வெளியானது. நல்ல பெயர் வந்தது. பெயர் அவனுக்கு வந்தது என்று நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

வெளியான வாரத்திலேயே அவனிடம் சொல்லிவிடத்தான் இருந்தேன். அந்தச் சனிக்கிழமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அவனே முந்திக்கொண்டு வேறு ஒன்றைச் சொன்னான்.

"அடுத்தது தனியா பண்ணிப் பாக்கலாம்னு இருக்கேண்ணா. சின்னதா. அறையெல்லாம் கையாலயே வரைஞ்சு. கோச்சுக்காத."

அறைகளைக் கையால் வரைந்துகொள்வானாம். நான் ஆறு வருஷம் செய்ததை அவன் கையால் வரைந்துகொள்வானாம். "இதுல கோச்சுக்க என்னடா இருக்கு, நல்லாப் பண்ணு" என்றேன். மோர் ஊற்றிச் சாப்பிட்டு முடித்தேன். கேமுக்கு இன்னும் ஒரு கூடுதல் பாகம் பாக்கி இருக்கிறது, அதை முடித்துக் கொடுத்துவிட்டுப் போ என்று கேட்டுக்கொண்டேன். சரி என்றான். கேட்டதற்கு இல்லை என்று சொல்லும் பழக்கம் அவனுக்குக் கிடையாது. அந்தப் பாகம் ஒன்பது மாதம் இழுத்தது. இழுத்தவன் நான்.

அவன் பார்வை குறுகக் குறுக ஏழு வரியும் போதவில்லை. பூதங்களை இன்னும் நடுவுக்குத் தள்ள வேண்டியிருந்தது. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கொஞ்சம் தள்ளினேன். கடைசியில் அது இருபத்திரண்டு வரியானது.

பிடிபட்டது என் முட்டாள்தனத்தால். எங்கள் கேமில் ஒவ்வொரு நிலவறைக்கும் ஒரு விதை எண் உண்டு. அந்த எண்ணைக் கொடுத்தால் உலகத்தில் எந்தக் கணினியிலும் அதே நிலவறை, அச்சுப் பிசகாமல் வரும். அந்தச் சத்தியத்தைக் காப்பாற்றியவன் நான். தம்பியின் மனைவிக்குத் தனியாக ஒரு பிரதி இருந்ததும், காலையில் வேலைக்குக் கிளம்பும் முன் இருவரும் ஒரே எண்ணைப் போட்டு யார் ஆழமாகப் போகிறார்கள் என்று பந்தயம் கட்டுவதும் எனக்குத் தெரியாது. அவள் பிசியோதெரபிஸ்ட். கேம் விளையாடுவாள் என்றே நான் நினைத்ததில்லை.

எனக்குப் போன் செய்தாள். "அத்தான், ஒரே நம்பர்தான் போட்டோம். எனக்கு மூணாவது ரூம்ல வில்லாளி இடது மூலையில நிக்கிறான். அவருக்கு நேர் எதிர்ல நிக்கிறான். நம்பர் ஒண்ணுன்னா ரூமும் ஒண்ணுதானே?"

"அவன்கிட்ட இருக்கிறது டெஸ்ட் பண்றதும்மா. அப்படித்தான் இருக்கும்."

நம்பவில்லை. அவனைத் தன் கணினியில் உட்கார வைத்து விளையாடச் சொன்னாள். பதினொரு ஆட்டம் ஆடினான். பதினொன்றிலும் இடது பக்கத்திலிருந்து அடிபட்டுச் செத்தான். அவள் அவன் தலையை நேராகப் பிடித்துக்கொண்டு, பக்கவாட்டில் கையைத் தூக்கி, "எத்தனை விரல்?" என்று கேட்டாளாம். "எந்த விரல்?" என்றானாம். இதை அவள் என்னிடம் கத்திச் சொன்னாள். வேலியே பயிரை மேய்ந்ததாக இன்னும் என்னென்னவோ சொன்னாள். கோபத்தில் இருப்பவர்களைப் பேச விட்டுவிட வேண்டும்.

இப்போது அவனுக்கு நடுவில் ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுக்குப் பார்வை இருக்கிறது என்று டாக்டர் எழுதியிருப்பதாகக் காட்டினீர்கள். பட்டியலைப் பார்த்த அன்றைக்கே கூட்டிப்போயிருந்தால் முக்கால்வாசி தங்கியிருக்கும் என்றும் எழுதியிருக்கிறாராம். அவர் கெட்டிக்கார டாக்டர். அவரிடம்தான் நானும் காட்டுகிறேன்.

நேற்று விசாரணையில் நீங்கள் ஒரு கேள்வி கேட்டீர்கள். கேமுக்காகச் செய்ததாகச் சொல்கிறீர்களே, கேம் வெளியான பிறகும் ஒன்பது மாதம் எதற்காக என்றீர்கள். அதற்குப் பதிலை இப்போது எழுதுகிறேன். அந்த ஒன்பது மாதம் கேமுக்காக இல்லை. அதற்கு முன்பிருந்த பதினான்கு மாதமும் கேமுக்காக இருந்ததா என்று கேட்டால் எனக்குச் சத்தியம் செய்ய வராது. முழுப் பூசணிக்காயை எத்தனை நாள் சோற்றில் மறைப்பது. அவன் குருடாகிறான் என்று தெரிந்தேதான் விட்டேன். ஒவ்வொரு வாரமும் தெரிந்தேதான் விட்டேன். நன்றாக இருக்கும் கண்ணோடு அவன் என்னை விட்டுப் போவதை என்னால் பொறுக்க முடியவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது, பிறகு தெரிந்து நீங்கள் தப்பாக நினைக்கக் கூடாது. அந்த நோய் எனக்கும் உண்டு. ஐந்து வருஷத்துக்கு முன்பே கண்டுபிடித்துவிட்டார்கள். சொட்டு மருந்து அலுவலகக் குளிர்பெட்டியில், அவன் தண்ணீர் பாட்டிலுக்குப் பக்கத்தில்தான் இருந்தது. தினமும் காலையும் மாலையும் அவன் கண்ணெதிரிலேயே போட்டுக்கொள்வேன். என்னது என்று ஒருமுறை கேட்டான், கண் உலர்ந்து போவதற்கு என்றேன். ஒரு வேளைகூடத் தவறவிட்டதில்லை. என் பார்வை அப்படியே இருக்கிறது.

அவன் மனைவி என்னை வீட்டுப் பக்கமே வரக் கூடாது என்று சொல்லியிருக்கிறாள். சொல்லட்டும். அவளுக்கு வேலை இருக்கிறது, எத்தனை நாள் லீவு போடுவாள். மாதம் இரண்டு தடவை ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், படி இறங்க வேண்டும், ரோடு கடக்க வேண்டும். எந்தப் பக்கம் நின்று பிடித்தால் அவனுக்குத் தோதாக இருக்கும் என்று அவளுக்கு என்ன தெரியும். என் போனை வாங்கி உங்கள் மேசை டிராயரில் வைத்திருக்கிறீர்கள். வைத்திருங்கள், ஆனால் அணைத்து வைக்காதீர்கள். தம்பி கூப்பிடுவான்.